வசூலைத் திருப்பிக் கொடுத்த வெள்ளிக்கிழமை

“வியாழன், பிற்பகல். அல் ஐன் கேம்பிலிருந்து முருகேசன் போன். ‘தங்கச்சி படத்துக்கு ரூம் ரூமாப் போயி வசூல் பண்ணிட்டேன் சார். மத்த கேம்புக்கும் சொல்லி விட்டாச்சு’ என்றார். உடனே கிளம்பினேன்.”

என் நாட்குறிப்பில் இருக்கும் பதிவு இது. நாள் போடாமல் நான் எதையும் எழுதி வைப்பதில்லை. ஆனால் இதில் வருகிறவர்கள் இன்னும் இந்த ஊரில் வேலை பார்ப்பதால் தேதியை மட்டும் இங்கே விட்டுவிடுகிறேன். அமீரகத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிய பிறகு வந்த குளிர்காலங்களில் ஒன்று என்பது உங்களுக்குப் போதும்.

வெளிநாட்டிலிருந்து சின்ன யூனிட்டோடு வரும் இயக்குநர்களுக்கு இங்கே லைன் புரொடியூசராக இருப்பதுதான் நான் ஓய்வு பெறும்வரை செய்த வேலை. அனுமதி, வண்டி, தங்கும் இடம், சாப்பாடு, சுங்கம் எல்லாம் நாம்தான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் நீங்கள் அவற்றை என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்வீர்கள். இப்போது எல்லாமே ஆப்பில் வந்துவிட்டது. நான் சொல்ல விரும்புவது வேறு. வருகிறவர் தம் ஊரில் எப்படிப் பணம் திரட்டுகிறார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். “அது அவங்க பாடு, நமக்கு ஷூட்டிங் நடந்தா சரி” என்று சொல்லும் லைன் புரொடியூசர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

முருகேசன் தங்கச்சி என்று சொன்ன தர்ஷினி, லண்டனில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணம். அவளுக்குப் பின்னால் எந்த ஸ்டூடியோவும் கிடையாது. பிரிட்டனில் அவளைப் போன்றவர்கள் ஏராளம். படம் எடுப்பவர்களுக்கு அங்கே பொது நிதி உண்டு: லாட்டரி வருமானத்திலிருந்து ஒரு பங்கு, வட்டாரவாரியாகத் திரைப்பட முகமைகள், டிவி நிறுவனங்கள் நடத்தும் குறும்படத் திட்டங்கள், எழுத்துப் பட்டறைகள், விழாக்களோடு நடக்கும் சந்தைகள். கேட்கும்போது கற்பகத் தரு மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. முக்கியமான நிபந்தனை, “இவ்வளவு நாங்கள் தருகிறோம், மீதியை வேறிடத்தில் திரட்டிவிட்டதாகக் காட்டுங்கள்” என்பது. காட்டாவிட்டால் அவர்கள் தருவதாகச் சொன்னதும் இல்லை.

தர்ஷினியின் படம் அல் ஐனில் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிற நம் ஆட்களைப் பற்றியது. அதன் நடுநாயகம் முருகேசன், பரமக்குடிப் பக்கத்துக்காரர். அவருடைய தம்பி ரியாத்தில், பத்தா என்ற கடைத்தெருப் பகுதியில், ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறார். அண்ணனும் தம்பியும் வாராவாரம் வீடியோவில் பேசிக்கொள்வதை இரண்டு பக்கமிருந்தும் எடுக்க வேண்டும் என்பது தர்ஷினியின் ஆசை. அல் ஐன் பக்கம் முடிந்தது. பத்தா பக்கமும், எடிட்டிங்கும், ஒலிக்கலவையும் பாக்கி. இங்கிலாந்தில் ஒரு பொது நிதி, படத்தை முடிப்பதற்கான பணத்தைத் தருவதாக எழுதியிருந்தது, வழக்கமான அந்த நிபந்தனையோடு.

மீதிக்கு அவள் நம்பியது கிரவுட் ஃபண்டிங்கை. இணையத்தில் ஒரு பக்கம் திறப்பார்கள். படத்தைப் பற்றிச் சொல்லி, ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்பார்கள். போட்டவருக்குப் படத்தில் நன்றி, ஒரு போஸ்டர், இப்படி ஏதாவது உண்டு. பிரிட்டனில் புதிதாகப் படம் எடுக்கும் யாரும் முதலில் செய்வது இதைத்தான். அவள் சேர்ந்திருந்த தளத்தில் குறித்த நாளுக்குள் குறித்த தொகை சேராவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது, போட்டவர்களிடமே போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாள். முக்கால் பங்கு சேர்ந்திருந்தது.

புதன்கிழமை கேம்ப் மெஸ்ஸில் சாப்பிடும்போது முருகேசன், “என்ன தங்கச்சி, எந்நேரமும் போனையே பாக்குறீக?” என்று கேட்டிருக்கிறார். அவள் அந்தப் பக்கத்தைக் காட்டி விளக்கியிருக்கிறாள். முருகேசனுக்கு அது உடனே புரிந்துவிட்டது. கேம்பில் ஒருவர் இறந்துபோனால், ஊரில் ஒருவருடைய பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால், ரூம் ரூமாகப் போய்ப் பணம் சேர்ப்பது அவர்கள் வழக்கம். அதற்கு யாரும் கூட்டம் போட மாட்டார்கள். ஒருவர் கிளம்புவார், மற்றவர்கள் பர்ஸைத் திறப்பார்கள். முருகேசன் மறுநாள் காலை டியூட்டி முடிந்ததும் கிளம்பிவிட்டார். அதோடு டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டார்: “நம்மளப் பத்தி ஒரு படம். நம்ம புள்ள எடுக்குது. முடிஞ்சதக் குடுங்கப்பா.” கூடவே அந்த லிங்க். சுதா என்ற பெண், அல் ஐனில் வேலை பார்க்கும் எஞ்சினியர் ஒருவரின் மனைவி, தமிழ்க் குடும்பங்களின் குழுவை நடத்துபவர், அதை அங்கேயும் பகிர்ந்துவிட்டார்.

இந்த நாட்டில் அனுமதி இல்லாமல் யாரும் நன்கொடை வசூலிக்கக் கூடாது. நல்ல காரியத்துக்கு என்றாலும் அதற்கென்று அனுமதி பெற்ற அமைப்புகள் வழியாகத்தான் போக வேண்டும். இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தர்ஷினிக்கு இது தெரிய வாய்ப்பில்லை. முருகேசனுக்குத் தெரியும், ஆனால் தான் செய்தது அந்தக் கணக்கில் வரும் என்று தோன்றவில்லை. வசூல் என்றால் அவருக்கு உண்டியல் குலுக்குவது. ரூம்காரர்களிடம் கேட்பது வசூலே இல்லை.

கேம்புக்கு வெளியே ஒரு மலையாளியின் கஃபிட்டீரியாவில் தர்ஷினியை உட்கார வைத்துச் சொன்னேன். கரக் சாயாவைத் தொடவே இல்லை அவள்.

“அங்கிள், நான் என்ன பிழை செய்தனான்? லண்டனில எல்லாரும் செய்யிற வேலைதானே!”

“லண்டன்ல தப்பில்ல. இங்க அந்தக் காச முருகேசன் கையில வாங்கியிருக்கார்.”

“சரி, காசைத் திருப்பிக் குடுப்பம். லிங்க்ல என்ன? அது லண்டன் கம்பெனிட லிங்க். விருப்பமான ஆக்கள் கார்ட்ல போடுகினம். இங்கத்தைச் சட்டம் அதுக்கு எப்பிடி வரும்?”

“எனக்குத் தெரியாது.”

“தெரியாமலே நிப்பாட்டச் சொல்லுறீங்களோ?”

“தெரியாததாலதான் சொல்றேன்.”

அவள் போனைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். குடும்பங்களின் குழுவில் செய்தி போனதிலிருந்து பக்கத்தில் எண் ஏறிக்கொண்டிருந்தது. “பாருங்கோ. இப்பிடியே போனா ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வந்திடும். நிப்பாட்டினா வராது. வராட்டி அந்த ஃபண்டும் இல்ல. மூண்டு வருசம் அங்கிள்!”

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வியாழன் மாலை, வக்கீலைப் பிடிக்க முடியாது. வெள்ளி அரை நாள். சனி, ஞாயிறு விடுமுறை. சரியான பதில் கிடைக்கும்போது கடைசி நாள் தாண்டியிருக்கும். தெரியாமலே முடிவெடுக்க வேண்டிய நேரம் நம் தொழிலில் அடிக்கடி வரும். அப்போது “இது சரியா, தப்பா?” என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். “நாம் நினைத்தது தவறாகிவிட்டால் யார் நாடு கடத்தப்பட்டு விமானம் ஏறுவார்?” என்று கேளுங்கள். தர்ஷினியிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது. எனக்கு இத்தனை வருடப் பழக்கம் இருக்கிறது. முருகேசனின் விசா அவருக்கு ஸ்பான்சரான கஃபீல் கையில். வாய்ஸ் மெசேஜில் இருப்பதோ முருகேசனின் குரல்.

அதைத்தான் அவளிடம் சொன்னேன். அவள் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சாயாவை ஒரே மூச்சில் குடித்தாள்.

“சரி. ஆனா காசை நான்தான் திருப்பிக் குடுப்பன். அவரைத் தனிய அனுப்ப மாட்டன்.”

நான் நினைத்திராதது இது. முருகேசன் வழியாகச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். கேட்டு வாங்கிய காசோடு மறுபடி அதே கதவைத் தட்டும் மனிதனின் முகம் என் யோசனையில் வரவில்லை. அவள் யோசனையில் வந்தது.

முருகேசனுக்கு வந்த கோபம் எங்கள் இருவர் மீதும்தான்.

“என்ன சார் இப்புடிச் சொல்றீக? டிரைவர் காசுன்னா படத்துக்கு ஒட்டாதா? வெள்ளக்காரன் குடுத்தா ஃபண்டு, நாங்க குடுத்தா கேஸா?”

“அண்ணை, உங்கட காசு வேண்டாம் எண்டு இல்ல,” என்றாள் தர்ஷினி. “உங்களுக்கு ஒண்டு நடந்தா எனக்குப் படம் எதுக்கு?”

“ஒண்ணும் நடக்காது தங்கச்சி. எத்தன பாடிக்கு வசூல் பண்ணியிருக்கேன்.”

“அதையும் இப்போ அனுமதி இருக்கிறவங்க வழியாப் பண்ணணும் முருகேசன்,” என்றேன்.

“பொணம் அதுவரைக்கும் காத்திருக்குமா சார்?” என்றார். ஆனால் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டார்.

அந்தக் கம்பெனியில் வெள்ளிதான் லீவு. காலையிலேயே போனோம். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள், ஊருக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, முருகேசன் முன்னால் போனார். இரண்டாவது ரூமிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

“என்ன முருகேசா, படம் ஊத்திக்கிருச்சா?”

“ரிலீசுக்கு முன்னாடியே டிக்கெட் காசு ரிட்டனா? நல்ல கம்பெனியா இருக்கே!”

கட்டிலில் படுத்திருந்த பாகிஸ்தானி டிரைவர் ஒருவர் தலையை மட்டும் தூக்கி, “க்யா பாய், ஹீரோ பதல் கயா?” என்றார், ஹீரோவையே மாற்றிவிட்டார்களா என்று. சிரிப்பில் முருகேசனும் கொஞ்சம் சேர்ந்துகொண்டார். அது எங்களுக்கு உதவியது.

ஒவ்வொரு கதவிலும் தர்ஷினி அதே வார்த்தைகளைச் சொன்னாள்: “வாங்கினது எங்கட பிழை. வைச்சிருந்தா உங்களுக்குப் பிரச்சினை. தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கோ.” அவளுடைய யாழ்ப்பாணப் பேச்சை அவர்கள் அதற்குமுன் சினிமாவில்தான் கேட்டிருப்பார்கள், ஆனால் யாரும் கேலி செய்யவில்லை. சிலர் வாங்க மறுத்தார்கள். “குடுத்தது குடுத்ததுதான்” என்று ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவரிடம் முருகேசன்தான் பேசினார்: “வாங்கிக்கடா. இல்லாட்டி என்னைய ஊருக்கு அனுப்பிட்டு நீ என் டேங்கர ஓட்டு.” வாங்கிக்கொண்டார். இன்னொருவர் நோட்டை மடித்து வைத்தபடி, “அப்போ படத்துல நாங்க இருப்போமா, மாட்டோமா?” என்று கேட்டார்.

“இருப்பீங்கள்,” என்றாள். படமே இருக்குமா என்று அவளுக்குத் தெரியாத நேரம் அது.

சுதாவோடு பேசியது போனில். “என்னங்ணா இது, இப்பத்தான் ஒவ்வொருத்தரா கார்ட எடுத்துட்டு உட்கார்றாங்க. டெலிட் பண்ணுனா ஏதோ ஏமாத்து வேலைன்னு நினைப்பாங்களே!” என்றார். நியாயமான கவலை. “டெலிட் பண்ணிட்டு உண்மையையே எழுதுங்க,” என்றேன். எழுதினார்: இங்கே நிதி கேட்க நமக்கு அனுமதி இல்லை, யாரும் இதைப் பகிர வேண்டாம், எடுத்த பெண் நல்லவள். கடைசி வரியை நான் கேட்கவில்லை. அன்று மதியத்திலிருந்து பக்கத்தில் எண் நகரவே இல்லை.

இனி இங்கிலாந்தின் அந்தப் பொது நிதியில் இருக்கும் பெண் அதிகாரி. தர்ஷினி, “ஞாயிற்றுக்கிழமை முடியட்டும், அதிசயம் ஏதும் நடக்கும், பிறகு கதைப்பம்,” என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கே வெள்ளி பிற்பகல் என்றால் அங்கே வேலை நாள், ஆபீசில் ஆள் இருக்கும். கெட்ட செய்தி நம் வாயிலிருந்து, கெடுவுக்கு முன்னால் போக வேண்டும். அந்த ஊர் நிதிக்காரர்களை இத்தனை வருடத்தில் நான் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன். “எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது, முடிந்ததும் அவசியம் பார்க்கிறோம்” என்று எழுதினால் பணம் கிடையாது. விருந்தில் கார்டு கொடுத்து “காபி சாப்பிடலாம்” என்பவர் பெரும்பாலும் காபியும் வாங்கித் தர மாட்டார். ஆனால் சலிப்பூட்டும் கேள்விகளைக் கேட்பவர், இன்ஷூரன்ஸ் யார் பெயரில், ஒலிக்கலவை எத்தனை நாள் என்றெல்லாம் துருவுபவர், அவர்தான் உண்மையில் தரப்போகிறவர். இந்த அம்மா அந்த ரகம். ஆகையால் அவரிடம் மறைத்துப் பயனில்லை.

கேம்ப் வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே ஏசி போட்டு வீடியோ காலில் பேசினோம். தர்ஷினி எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், வாங்கிய பணம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கேட்டார். பிறகு, அந்த மனிதரின் வேலைக்கு இப்போது ஆபத்து உண்டா என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொன்னேன்: “குறைத்திருக்கிறோம். இல்லை என்று சொல்ல மாட்டேன்.”

நிபந்தனையைத் தளர்த்தத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். தர்ஷினியின் முகம் வாடிவிட்டது. அந்த அம்மா தொடர்ந்தார்: படத்தை முடிக்க ஆகும் செலவு குறைந்தால், நீங்கள் காட்ட வேண்டிய மீதியும் குறையும். பணமாகத்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. வேலை செய்கிறவர்கள் தம் ஊதியத்தில் விட்டுக்கொடுப்பதும் எழுத்தில் இருந்தால் கணக்கில் வரும். திங்கட்கிழமை காலை புதிய திட்டம் என் மேசையில் இருந்தால் குழுவிடம் கொண்டுபோகிறேன். அவ்வளவுதான்.

“அவா ஓம் எண்டு சொன்னவவோ, இல்லை எண்டு சொன்னவவோ?” என்றாள் தர்ஷினி, போனை வைத்ததும்.

“கேள்வி கேட்டாங்கல்ல? வேலையை ஆரம்பி,” என்றேன்.

சனியும் ஞாயிறும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கழிந்தன. இசையமைப்பாளருக்குப் பதில் இசையே இல்லாமல் டேங்கர் சத்தத்தோடு போவது என்று முடிவானது. ஒலிக்கலவைக்காரர் நண்பர், ஊதியத்தில் ஒரு பங்கை விட்டார். நானும் விட்டேன். அப்படியும் கணக்கு இடித்தது. மிச்சமிருந்த பெரிய செலவு ஒன்றே ஒன்று: ரியாத் பயணம், பத்தா.

“அதை வெட்டினா தம்பி இல்லாமப் போயிடுவார்,” என்றாள்.

“ஆமா.”

“நடுப்பகுதியே அதுதான் அங்கிள்!”

அவளுக்கு ஆறுதல் சொல்ல நான் முயலவில்லை. நல்லதற்குத்தான், படம் இன்னும் அழகாக வரும் என்றெல்லாம் இயக்குநரிடம் சொல்லாதீர்கள். இழப்பை இழப்பு என்றே ஒத்துக்கொண்டால்தான் அவர் அடுத்த வேலையைப் பார்ப்பார். அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். பட்ஜெட் தாளில் பத்தா என்ற வரியை அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை கிரவுட் ஃபண்டிங் பக்கம் தொகை எட்டாமலே மூடிக்கொண்டது. நாங்கள் அப்போதும் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தோம். திங்கள் காலை அந்த அம்மாவின் ஆபீஸ் திறக்குமுன் திட்டம் போய்ச் சேர்ந்திருந்தது.

குழு ஏற்றுக்கொண்டது. முதலில் சொன்னதைவிடக் குறைந்த தொகை, குறுகிய படம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முருகேசன் தன் ரூம்காரர்களோடு போனில் பார்த்தார். பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

“நல்லாத்தான் சார் இருக்கு. டேங்கரு சத்தம் காதைக் கிழிக்குது. ஆனா எந்தம்பி மூஞ்சியே வரலயே? நான் தனியாப் பைத்தியக்காரன் மாதிரி போனைப் பாத்துப் பேசிக்கிட்டிருக்கேன்!”

“செலவு கட்டுப்படி ஆகல முருகேசன்.”

“அவன் புதுச் சட்ட எடுத்து வச்சிருந்தான் சார்,” என்றார். அந்தக் குறை அவருக்கு இன்னும் தீரவில்லை. அவர் இன்னும் அதே கம்பெனியில்தான் ஓட்டுகிறார்.

தர்ஷினி இப்போது அடுத்த படத்துக்காக சோஹார் துறைமுகத்தைப் பார்த்து வைத்திருக்கிறாள். போன மாதம் பேசினாள். ஓமானில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று பட்டியல் போட்டே கேட்டாள். கடைசியில், “அங்கிள், இப்பவாவது சொல்லுங்கோ. அந்தக் குடும்பங்கள்ட குரூப்பில போட்ட லிங்க், அது உண்மையிலயே பிழைதானோ?” என்றாள்.

கேம்பில் கையில் வாங்கிய காசைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. லிங்க் பற்றிப் பிறகு இரண்டு வக்கீல்களைக் கேட்டேன். வெளிநாட்டுத் தளமானாலும் இங்கிருந்து பகிர்ந்தால் அது சட்டத்துக்குள் வரும் என்றார் ஒருவர். போஸ்டர் போன்ற பொருளுக்காகக் கொடுக்கும் பணம் நன்கொடையே ஆகாது, வராது என்றார் மற்றவர். வராது என்பது சரியானால், அந்தக் குடும்பங்கள் போட்டிருக்கக்கூடிய பணத்தில் நாங்கள் பத்தாவுக்குப் போயிருக்கலாம். இதை எழுதும் இன்றுவரை எது சரி என்று எனக்கு உறுதியாகவில்லை. அவளிடமும் அப்படியே சொன்னேன்.